மதுரைப் பக்கத்து மலைகளுக்கு வாட்டர்ப்ரூஃப் ஷூ எதற்கு, எப்போது?

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒரு ஜோடி ஷூ மூன்று நாளாகக் கவிழ்ந்து கிடந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் உள்ளே கைவிட்டுப் பார்த்தேன். விரல் படும் இடத்தில் இன்னும் சில்லென்றுதான் இருந்தது. வாங்கும்போது பெட்டி மேல் தண்ணீர்த் துளி படம் போட்டிருந்த ஷூ அது.

சதுரகிரியிலிருந்து இறங்கி வரும்போது மாங்கனி ஓடையில் கணுக்காலுக்கு மேலே தண்ணீர். கடந்தேன். துணி வழியாக ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை என்று சத்தியம் செய்வேன். வந்தது எல்லாம் மேல் வாய் வழியாக. வந்த தண்ணீரை அந்த ஷூ வெளியே விடவும் இல்லை. அடிவாரத்துத் தாணிப்பாறை வரைக்கும் ஒவ்வொரு எட்டுக்கும் சளக், சளக். முன்னால் ஒரு பெரியவர் டயர் செருப்பில் போய்க்கொண்டிருந்தார். அவர் கால் நாலு எட்டில் காய்ந்துவிட்டது. திரும்பிப் பார்த்து, “தம்பி, அதக் கழட்டிக் கவுத்திட்டு வாங்க, மீனு கீனு கெடக்கப் போகுது” என்றார்.

ஷூவைக் குறை சொல்ல வழியில்லை. அது எதற்குச் செய்யப்பட்டதோ அந்த வேலையைத்தான் செய்தது. எதற்குச் செய்யப்பட்டது என்று தெரியாமல் வாங்கியது நான்.

இப்போது மலையேற்றம் போகிறவர்கள் கூடிவிட்டார்கள். 2024 அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை 40 பாதைகளை முன்பதிவு முறையில் திறந்துவிட்டது. மதுரை மாவட்டத்துக்குத் தாடகை மலை–குட்லாடம்பட்டிப் பாதை, தேனிக்குக் குரங்கணி–சாம்பலாறு என்று நம் பக்கத்திலேயே பல. பதிவு செய்ததும் அடுத்த வேலை ஷூ வாங்குவது. கடையில் கேட்கிற முதல் கேள்வி, “வாட்டர்ப்ரூஃபா?” பத்து வருடமாக இந்த மலைகளில் நடக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், நம் ஊருக்கு அது ஐந்தாவதோ ஆறாவதோ கேட்க வேண்டிய கேள்வி. ஏன் என்று சொல்வதற்கு முன், அந்த ஷூவுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

வெளியே தெரியும் துணியோ தோலோ தண்ணீரைத் தடுப்பதில்லை. தடுப்பது உள்ளே ஒளிந்திருக்கும் ஒரு மெல்லிய சவ்வு. ஒரு சாக்ஸ் மாதிரி தைத்து, தையல் விழுந்த இடமெல்லாம் டேப் ஒட்டி, ஷூவுக்குள் செருகியிருப்பார்கள். வெளித்துணிக்கும் உள் அஸ்தருக்கும் நடுவே அது இருப்பதால் கண்ணுக்குப் படாது. இந்தச் சவ்வுகளில் பெயர் பெற்றது கோர்டெக்ஸ். அதன் மூலப்பொருள் நமக்குப் பழக்கமானதுதான்: நான்ஸ்டிக் தோசைக்கல் மேல் இருக்கும் பூச்சு, குழாய் மாட்டும்போது பிளம்பர் மரையில் சுற்றும் வெள்ளை டேப், எல்லாம் அந்தக் குடும்பம். 1969-இல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர் சூடாக்கிய அந்தப் பொருளின் தண்டு ஒன்றை மெதுவாக இழுத்து இழுத்துப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அறுந்துவிட்டது. எரிச்சலில் வெடுக்கென்று இழுத்தபோது அறுபடாமல் பல மடங்கு நீண்டு, பஞ்சு போல நுண்துளைகள் நிறைந்த பொருளாகிவிட்டது. ஒரு சதுர அங்குலத்தில் 900 கோடித் துளைகள் என்பது அந்த நிறுவனம் சொல்லும் கணக்கு. ஒவ்வொரு துளையும் தண்ணீர்த் துளியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு சிறிது. ஆனால் ஆவியாக இருக்கும் ஈரத்துக்கு அது பெரிய வாசல். தண்ணீர் உள்ளே வராது, வியர்வை ஆவியாகி வெளியே போகும். விளம்பரத்தின் மொத்தச் சாரமும் இதுதான்.

விலை குறைந்த ஷூக்களில் பெரும்பாலும் பாலியூரித்தேன் சவ்வு. அதில் பல ரகங்களுக்குத் துளையே கிடையாது. ஈரத்தை உறிஞ்சி மறுபக்கம் கடத்தும். வேலை அதேதான், வேகம் கொஞ்சம் குறைவு.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ‘வெளியே போகும்’ என்பதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. கடைக்காரரும் சொல்ல மாட்டார், பெட்டியிலும் இருக்காது. சவ்வுக்குத் தானாக எதையும் வெளியே தள்ளும் சக்தி கிடையாது. உள்ளே ஈர ஆவியின் அழுத்தம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் ஆவி நகரும். மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் ஓடுகிற மாதிரி. வெளியிலும் மேடாகவே இருந்தால்?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். நடக்கிற காலைச் சுற்றி ஷூவுக்குள் 35 டிகிரி வெப்பம், காற்று முழுக்க ஈரம் என்று வைத்துக்கொண்டால், ஆவியின் அழுத்தம் சுமார் 5.6 கிலோபாஸ்கல். ஜனவரி மாதக் காலையில் கொடைக்கானலில் 10 டிகிரி, ஈரப்பதம் பாதி என்றால் வெளியே 0.6 தான். வித்தியாசம் 5. சவ்வு நன்றாக மூச்சு விடும். அதே ஷூவோடு அக்டோபரில் மழை விட்ட மறுநாள் குட்லாடம்பட்டிப் பக்கம் ஏறுங்கள். 28 டிகிரி, ஈரப்பதம் 85 விழுக்காடு. வெளியே 3.2. வித்தியாசம் 2.4 ஆகச் சுருங்கிவிடுகிறது, அதாவது பாதிக்கும் கீழே. இரண்டு பாதங்களிலும் சேர்த்து ஏறக்குறைய இரண்டரை லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன என்பார்கள். ஏற்றத்தில் அவை சும்மா இருக்காது. வியர்வை சுரக்கும் வேகம் கூடுகிறது, அது வெளியேறும் வேகம் பாதியாகிறது. மேலே போய் ஷூவைக் கழற்றினால் சாக்ஸைப் பிழியலாம். “ஷூ ஒழுகுது” என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறவர்களில் பாதிப் பேர் கொண்டுபோவது தங்கள் வியர்வையைத்தான் என்பது என் சந்தேகம். நானும் ஒரு தடவை அப்படிப் போய் நின்றவன்தான்.

இந்தச் சவ்வுகள் குளிர்நாடுகளின் தேவைக்கு வளர்ந்தவை. ஆல்ப்ஸ் மலையில் பனி கரைந்து ஓடும் புல்வெளி, ஸ்காட்லாந்தின் ஓயாத தூறல், அப்படிப்பட்ட இடங்களில் அவை தெய்வம். நமக்கு ஆண்டுக்கு 850 மில்லிமீட்டர் அளவில் மழை. அதிலும் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்து முடிந்துவிடும். மற்ற மாதங்களில் நம் கால் நனைவதற்குப் பெரும்பாலும் காரணம் நம் கால்தான்.

சவ்வுக்கு வெளியே இன்னொரு காவல் இருக்கிறது. மேல்துணியில் ஒரு நீர்விலக்கிப் பூச்சு பூசியிருப்பார்கள். புது ஷூ மேல் தண்ணீர் தெளித்தால் தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டு ஓடும். பார்க்க அழகாக இருக்கும். பத்துப் பதினைந்து நடை ஆனதும் உருளாது, ஊறும். ஊறினால் தண்ணீர் உள்ளே வந்துவிடாது, சவ்வு தடுத்துக்கொள்ளும். ஆனால் ஊறிய துணி ஈரச்சாக்கு போர்த்திய மாதிரி சவ்வை மூடிக்கொள்வதால் உள்ளேயிருக்கும் ஆவிக்குப் போக வழியில்லை. ஷூவின் எடையும் ஏறும். இந்தப் பூச்சுகளில் பல காலமாக ஃப்ளோரின் சேர்மங்கள்தான். அவை மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்குகின்றன என்பதால் கலிபோர்னியா 2025 ஜனவரி முதல் துணிகளில் அவற்றைத் தடை செய்தது. நிறுவனங்களும் மாறி வருகின்றன. புதிய பூச்சுகள் சூழலுக்கு நல்லவை, ஆனால் எண்ணெய், அழுக்குப் பட்டால் சீக்கிரம் தோற்றுவிடும். நம் செம்மண் சேற்றைக் காயவிட்டுப் பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும். சோப்புத் தூளில் ஊறவைத்து அடித்துத் துவைத்தால் பூச்சு அன்றோடு சரி. சோப்பின் மிச்சம் துணியில் தங்கித் தண்ணீரைக் கூப்பிட்டு உட்கார வைக்கும்.

அப்படியானால் வாட்டர்ப்ரூஃப் வேண்டவே வேண்டாமா? வேண்டிய இடங்கள் இருக்கின்றன. மேகமலையில் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே தென்மேற்குப் பருவத்தில் நாள் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும். வட்டக்கானல் பக்கம் டிசம்பர் காலையில் பனி கோத்த புல்லுக்குள் அரை மணி நேரம் நடந்தால் சாதாரண ஷூ தொப்பலாகிவிடும், விரல் மரத்துப்போகும். அங்கே தண்ணீர் கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் வருகிறது, ஷூ வாய்க்கு மேலே ஏறுவதில்லை. காற்றும் குளிர்ச்சி. கொடுத்த காசுக்குச் சவ்வு உழைக்கும் இடம் அதுதான். அட்டைப் பூச்சி விஷயத்திலும் கொஞ்சம் உதவும், ஏனென்றால் வலைத்துணி ஷூவில் நூல் இடைவெளியே அதற்குப் போதும். ஆனால் அட்டை அறிவாளி, மேலே ஏறி சாக்ஸ் வாய் வழியாக வந்துவிடும்.

அழகர்கோவில் மேலே ராக்காயி அம்மன் தீர்த்தம் வரைக்கும் போகிறவர்களுக்கு ஷூவே வேண்டாம், செருப்பு போதும். வேண்டுதலுக்கு வெறுங்காலோடு ஏறுகிறவர்களை விட்டுவிடுங்கள், அவர்கள் கணக்கு வேறு.

சரி, வாட்டர்ப்ரூஃபைப் பின்னால் தள்ளினால் முன்னால் எது வரும்?

சோல். சந்தேகமே இல்லாமல் சோல். சதுரகிரிப் பாதையில் ஓர் இடத்தின் பெயரே வழுக்குப்பாறை. பெயர் வைத்தவர்கள் அனுபவப்பட்டு வைத்திருக்கிறார்கள். யானைமலை, நாகமலை, கீழக்குயில்குடியின் சமணர் மலை, அரிட்டாபட்டி என்று மதுரையைச் சுற்றி இருப்பதெல்லாம் மொட்டைப் பாறை. அதற்கு எந்த மாதிரி சோல் வேண்டும் என்பதில் பொதுவாக ஒரு தப்பெண்ணம் இருக்கிறது. பள்ளம் பள்ளமாக, டிராக்டர் டயர் மாதிரி பட்டன் வைத்த சோல்தான் நன்றாகப் பிடிக்கும் என்று நினைப்பார்கள். அது சேற்றுக்கும் தளர்ந்த மண்ணுக்கும் சரி. பட்டன் மண்ணுக்குள் இறங்கும், பிடிக்கும். பாறைக்குள் எது இறங்கும்? பாறையில் பிடிப்பைத் தருவது எவ்வளவு ரப்பர் பாறையைத் தொடுகிறது, அந்த ரப்பர் எவ்வளவு மென்மையாகப் பாறையின் சொரசொரப்பில் படிகிறது என்பதுதான். ஐந்து மில்லிமீட்டர் உயரத்தில் இடம்விட்டு இடம்விட்டு நிற்கும் கெட்டியான பட்டன்கள் பாறையைத் தொடுகிற பரப்பு குறைவு. நமக்கு மூன்று, நாலு மில்லிமீட்டர் உயரமும், நடுவில் அகலமான பட்டன்களும், விரல் பகுதியில் தட்டையாக ஓர் இடமும் இருந்தால் போதும். கடையில் கட்டை விரலால் சோலை அழுத்திப் பாருங்கள். நகம் லேசாகப் படிந்தால் பாறைக்கு ஆகும், ஆனால் சீக்கிரம் தேயும். கல் மாதிரி இருந்தால் இரண்டு வருடம் உழைக்கும், ஈரப்பாறையில் கவிழ்த்துவிடும். இரண்டில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். நான் தேய்வதை எடுத்துக்கொள்வேன்.

பாசி பிடித்த பாறையில் எந்த ரப்பரும் எந்தக் கம்பெனியும் உதவாது. அங்கே பாதம் முழுவதையும் தட்டையாக வைத்து, சின்ன எட்டாக எடுத்து வைப்பதுதான் வழி. அல்லது உட்கார்ந்து நகர்வது. வெட்கப்பட ஒன்றுமில்லை.

சோல் பற்றிப் பேசும்போது வைப்ரம் என்ற மஞ்சள் முத்திரையைக் காட்டுவார்கள். அதற்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 1935-இல் ஆல்ப்ஸில் புன்டா ரசிகா என்ற சிகரத்துக்குப் போன குழுவில் ஆறு பேர் திடீர்ப் பனிப்புயலில் சிக்கிச் செத்துப்போனார்கள். பாறை ஏறுவதற்கென்று போட்டிருந்த மெல்லிய காலணி குளிருக்கும் பனிக்கும் தாங்கவில்லை. அந்தக் குழுவில் பிழைத்த இத்தாலியர் விட்டாலே பிரமானி, டயர் செய்யும் பிரெல்லி நிறுவனத்தின் துணையோடு 1937-இல் பட்டன் வைத்த ரப்பர் சோலைக் கொண்டுவந்தார். அவர் பெயரின் இரண்டு சொற்களிலும் உள்ள தொடக்க எழுத்துகள் சேர்ந்துதான் வைப்ரம் ஆயின. டயர்க்காரர்கள் கைவைத்துப் பிறந்த சோல் என்று பார்த்தால், மாங்கனி ஓடையில் என்னைக் கிண்டல் செய்த பெரியவரின் செருப்பு என் ஷூவுக்குப் பங்காளிதான்.

அடுத்தது முள். எந்த வெளிநாட்டு மதிப்பீட்டிலும் முள்ளுக்கு ஒரு பத்தி பார்த்ததில்லை. நமக்கு அது பெரிய விஷயம். மலையடிவாரம் பூராவும் சீமைக்கருவேலம். அதன் முள் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்கு ஆணி மாதிரி இருக்கும். எடை குறைந்த ஷூக்களில் ரப்பர் அடிப்பாகம் மெல்லிசு, அதற்கு மேலே ஈவிஏ என்கிற நுரைப் பஞ்சு. ஹவாய் செருப்பில் முள் ஏறுகிற மாதிரியே இதிலும் ஏறும். என் ஷூவிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கியபோது பார்த்தேன்: பட்டன்களுக்கு இடையில் ரப்பர் மிகவும் மெல்லிசாக இருக்கும் பள்ளத்தில்தான் அது ஏறியிருந்தது. வெளியே கால் மில்லிமீட்டர் நுனி மட்டும் தெரிந்தது, இடுக்கியால் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. இன்ஸோலைத் தூக்கிப் பார்த்தால் அடியில் ஊசித் துளை. சவ்வு வைத்த ஷூவாக இருந்தால் அந்தத் துளையோடு அதன் நீர்க்காப்பும் போயிற்று. அதனால் நுரைக்கும் ரப்பருக்கும் நடுவே ஒரு மெல்லிய கெட்டித் தகடு வைத்த ரகம் கிடைத்தால் எடுங்கள். கூழாங்கல் குத்தும் வலியையும் அது குறைக்கும். பக்கவாட்டில் வலைத்துணி மட்டும் இருக்கும் ஷூவை முள்காட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். விரல் முனையிலும் ஓரங்களிலும் ரப்பர் பூசியது நல்லது.

எடைக்கு வருவோம். காலில் ஏறும் ஒரு கிலோ முதுகில் ஏறும் ஐந்து கிலோவுக்குச் சமம் என்று மலையேறிகள் சொல்வது வழக்கம். ஆய்வுகளும் நாலு முதல் ஆறு மடங்குவரை சொல்கின்றன. பழைய தோல் பூட்ஸ் ஒன்று 650 கிராம், இன்றைய எடை குறைந்த ஷூ ஒன்று 350 கிராம் என்று வையுங்கள். பத்துக் கிலோமீட்டர் மலைப்பாதைக்கு ஏறக்குறைய 14,000 எட்டு. ஒவ்வொரு எட்டுக்கும் 300 கிராம் அதிகம் தூக்கினால் நாள் முடிவில் 4,200 கிலோ. நாலு டன் சரக்கைத் தவணை முறையில் தூக்கி வைத்திருக்கிறோம். தொடை வலிக்காமல் என்ன செய்யும்? சவ்வு சேர்ப்பதால் கூடும் எடை ஒரு ஷூவுக்கு 30 முதல் 60 கிராம்தான், அது பெரிதில்லை. ஆனால் எடையை எங்கே குறைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். குதிகால் கிண்ணத்தை விரலால் நசுக்கினால் நசுங்குகிறதா? ஷூவை இரண்டு கையால் துணி பிழிகிற மாதிரி முறுக்கினால் முழுசாக முறுக்கிக்கொள்கிறதா? அப்படியானால் அது நடைபாதைக்கு ஆகும், இறக்கத்தில் கணுக்காலை விட்டுக்கொடுத்துவிடும். விரல் பகுதி மடங்க வேண்டும், நடுப்பகுதி விறைப்பாக நிற்க வேண்டும்.

அளவு விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நாம் கேட்கிற 8, 9 எல்லாம் பிரிட்டிஷ்காரன் விட்டுப்போன அளவுமுறை. சென்னை அடையாறில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பாதத்தை முப்பரிமாணக் கருவியில் அளந்து பார்த்தது. இந்தியர்களின் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலம் என்று தெரிந்தது. ‘பா’ என்று ஒரு புதிய அளவுமுறையையும் பரிந்துரைத்தார்கள். செருப்பிலும் வெறுங்காலிலும் வளர்ந்த கால்களில் விரல்கள் விரிந்துதான் இருக்கும். இறக்குமதி ஷூவில் நீளம் சரியாக இருந்து அகலம் பிடித்தால் நாம் என்ன செய்கிறோம்? ஒரு நம்பர் பெரிசாக எடுக்கிறோம். அகலம் சரியாகிவிடும், குதிகால் ஆடும். ஆடினால் ஏற்றத்தில் கொப்புளம், இறக்கத்தில் கால் முன்னே சரிந்து கட்டை விரல் நகம் கறுக்கும். நம்பரை ஏற்றுவதற்குப் பதில் அகல ரகம் இருக்கிறதா என்று கேளுங்கள். சாயங்காலம் போய் வாங்குங்கள், அப்போதுதான் கால் வீங்கியிருக்கும். நடக்கும்போது போடுகிற சாக்ஸையே கொண்டுபோங்கள். அந்த சாக்ஸ் பருத்தியாக இருக்க வேண்டாம், குடித்த வியர்வையை அது விடவே விடாது. ஆயிரக்கணக்கில் ஷூவுக்குக் கொடுத்துவிட்டு சாக்ஸில் நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கிறவர்களை எனக்குத் தெரியும். சவ்வு வைத்த ஷூவில் உள் அஸ்தர் தடிமனாக இருப்பதால் அதே நம்பர் கொஞ்சம் இறுக்கமாகவும் இருக்கும்.

நீர்க்காப்பு நிஜமா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். நான் செய்கிற விதம் இது. ஹோட்டல்களில் சோறு அள்ளி வைக்கும் அகலமான பிளாஸ்டிக் அன்னக்கூடை ஒன்றில் நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவேன். முதலில் ஷூவின் நாக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நாக்கின் இரண்டு பக்கமும் ஷூவோடு எந்த உயரம் வரை சேர்த்துத் தைத்திருக்கிறதோ அதுவரைக்கும்தான் நீர்க்காப்பு. அதற்கு மேலே லேஸ் துளை வழியாகத் தண்ணீர் தாராளமாக வரும். எனவே தண்ணீர் அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்க வேண்டும். வெளிர் சாம்பல் நிற சாக்ஸ் போட்டு, ஷூவை மாட்டி, தண்ணீருக்குள் நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் குதிகாலை ஏற்றி இறக்க வேண்டும். சும்மா நின்றால் பயனில்லை, விரல் மடங்கும் இடத்தில்தான் சவ்வு விரியும், கிழியும், டேப் விடும். பிறகு கழற்றி சாக்ஸைப் பார்க்க வேண்டும். பாதம் முழுக்க ஒரே சீராக ஈரம் என்றால் வியர்வை. சுண்டுவிரல் பக்கத்தில் மட்டும் கருத்த திட்டாக இருந்தால் ஒழுகல். பழைய ஷூவுக்கும் மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு தடவை இதைச் செய்துவிடுவது நல்லது. அன்னக்கூடையைத் திரும்ப அடுப்படிக்குக் கொண்டுபோகும் முன் நன்றாகக் கழுவிவிடுங்கள், என் வீட்டில் இது குறித்து ஒரு வழக்கு நடந்தது.

ஷூ நைந்த பிறகு நாம் போகிற இடம் பற்றியும் சொல்ல வேண்டும். என் ஷூவில் முனையில் சோல் வாயைப் பிளந்துவிட்டது. பெரியார் பேருந்து நிலையத்துப் பக்கம் செருப்புத் தைக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் வாங்கிப் பார்த்து, ஊசியை எடுத்து மெழுகு நூலைக் கோத்துவிட்டார்.

“அண்ணே, தைக்காதீங்கண்ணே, ஒட்டிக் குடுங்க.”

“ஒட்டுனா ஒரு மாசம். தச்சா ஒரு வருசம். எது வேணும்?”

அவர் சொல்வது சரிதான். சாதாரண ஷூவுக்குச் சுற்றித் தையல் போட்டால் சோல் போகவே போகாது. ஆனால் அந்த ஊசி சோலில் நுழைந்து, மேல்துணியைக் குத்தி, உள்ளே இருக்கும் சவ்வையும் குத்தித்தான் வெளியே வரும். அரை அங்குலத்துக்கு ஒரு துளை என்று சுற்றிலும் ஐம்பது துளை. விளக்கிச் சொன்னேன். ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “உள்ள ஒரு பலூன் இருக்குங்கிறீங்க” என்றார். நான் இத்தனை வரி எழுதி விளக்கியதை அவர் ஒரு சொல்லில் முடித்துவிட்டார். பசை தடவி, காயவிட்டு, மறுபடி தடவி, கட்டுப்போட்டு, மறுநாள் வரச்சொன்னார். ஒரு மாதம் என்றார், மூன்று மாதம் தாங்கியது.

பசை விடுவதற்கு நம் வெயிலுக்கும் பங்கு உண்டு. ஈர ஷூவை மொட்டை மாடி வெயிலில் போட்டாலும், மே மாதம் கார் டிக்கியில் விட்டுவைத்தாலும் பசை இளகும், ஈவிஏ நுரை சுருங்கும். நிழலில், ஃபேன் காற்றில், உள்ளே பழைய நாளிதழைச் சுருட்டித் திணித்து, இரண்டு மணிக்கு ஒரு தடவை தாளை மாற்றினால் ஒரு நாளில் காய்ந்துவிடும். நான் தொட்டி நிழலில் வெறுமனே கவிழ்த்துவிட்டு வந்ததால்தான் மூன்று நாள் ஆனது. அதே போல ‘நல்ல ஷூ, பத்திரமாக இருக்கட்டும்’ என்று பெட்டியோடு பரண்மேல் வைக்கிற பழக்கமும் ஆகாது. சில ஷூக்களில் நடுப்பகுதி பாலியூரித்தேன் நுரை. காற்றிலுள்ள ஈரம் அதை மெல்ல மெல்லச் சிதைக்கும். நாலைந்து வருடம் கழித்து எடுத்துப் போட்டால் முதல் கிலோமீட்டரிலேயே சோல் ரஸ்க் மாதிரி உதிரும். அதற்குப் போட்டு நடப்பதே மருந்து.

சவ்வு வைத்த ரகத்துக்கு, வைக்காத அதே ரகத்தைவிட ஆயிரம் இரண்டாயிரம் கூடுதல். ஒரே ஒரு ஜோடிதான் வாங்க முடியும் என்றால் மதுரைக்காரர்களுக்கு நான் சொல்வது சவ்வு இல்லாதது. அகலமான, பாறையைப் பிடிக்கிற, ஓரத்தில் ரப்பர் பூசிய, சீக்கிரம் காய்கிற ஷூ. ஓடையில் இறங்கினால் நனையும், ஏறினால் காயும். இரண்டு ஜோடிக்கு வசதி இருந்தால், கொடைக்கும் மேகமலைக்கும் என்று ஒன்று வாட்டர்ப்ரூஃபில் வைத்துக்கொள்ளலாம்.

என்னிடம் அந்த மூன்று நாள் காயாத ஜோடி இன்னும் இருக்கிறது. கடைசியாகப் போன டிசம்பரில் வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்கினேன். மேலே பனிப்புல்லில் கால் நனையவே இல்லை, மகாராஜாவாக நடந்தேன். கீழே இறங்க இறங்க வெயில் ஏறியது, உள்ளே ஊற ஆரம்பித்துவிட்டது. வெள்ளகவி ஊருக்குள் செருப்புப் போடக் கூடாது என்பது ஊர் வழக்கம். ஊர் எல்லையில் கழற்றி, இரண்டு லேஸையும் முடிந்து கழுத்தில் தொங்கவிட்டு, சாக்ஸைப் பையின் வாரில் செருகிக்கொண்டு வெறுங்காலோடு நடந்தேன். ஒரு வீட்டுத் திண்ணையில் டீ கிடைத்தது. ஊரைத் தாண்டி உட்கார்ந்து மறுபடி மாட்டும்போது சாக்ஸ் முக்கால்வாசி காய்ந்திருந்தது. ஷூவுக்குள் கைவிட்டுப் பார்த்தேன், அது இன்னும் சில்லென்றுதான் இருந்தது.